மூணு கோப்பை, ஒரு கிருமி, 958 நாள்



கிரிக்கெட் பதிவுன்னு நினைச்சு உள்ள வந்தவங்க அப்படியே பக்கத்துக் கடைக்குப் போயிடலாம். இது கால்பந்து பதிவு. அதுவும் கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீயைக் கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க :)

கொரோனாவைப் பத்தி எழுத இனிமே என்னய்யா இருக்குன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா ஒரு கணக்கு ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. 2018 மார்ச்சுல இருந்து 2019 மே வரைக்கும், பதினாலே மாசத்துல, இந்தியாவோட மூணு பெரிய கால்பந்து லீக் கோப்பையும் தமிழ்நாட்டு அணிகளுக்கு வந்துச்சு. அதுக்கு அடுத்த வருஷம் கொரோனா வந்துச்சு. ஒரே நோய், ஒரே ஊரடங்கு, ஒரே விளையாட்டு. ஆனா அந்த மூணு அணிக்கும் நடந்தது மூணு வேற வேற கதை. ஏன்? அதுதான் இந்தப் பதிவு.

முதல்ல அந்த மூணு கோப்பை

ஒண்ணு: சென்னையின் எஃப்சி. 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐஎஸ்எல் இறுதிப்போட்டி. சுனில் சேத்ரி ஆரம்பத்துலயே கோல் அடிச்சிட்டார். அப்புறம் நம்மாளுங்க மைல்சன் ஆல்வெஸ் ரெண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒண்ணுன்னு திருப்பிக் கொடுத்தாங்க. 3-2. பெங்களூரு அணியை பெங்களூருலயே வெச்சு ஜெயிச்சதுல இருக்கற சந்தோஷமே தனி. 2015-க்கு அப்புறம் இது ரெண்டாவது கோப்பை.

ரெண்டு: சென்னை சிட்டி எஃப்சி. பேர்ல சென்னை, ஆடினது கோவை நேரு ஸ்டேடியத்துல. 1946-ல நுங்கம்பாக்கம்ங்கற பேர்ல ஆரம்பிச்ச பழைய கிளப். 2019 மார்ச் 9, ஐ-லீக் கடைசி நாள். ஜெயிச்சா கோப்பை, இல்லேன்னா ஈஸ்ட் பெங்கால் தட்டிக்கிட்டுப் போயிடும்ங்கற நிலைமை. மினர்வா பஞ்சாப் முதல் கோலை அடிச்சுது. அதுல இருந்து மீண்டு வந்து 3-1 ஜெயிச்சாங்க. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்துல சாம்பியன். அந்த சீசன்ல பெட்ரோ மான்சி அடிச்சது மட்டும் 21 கோல். பயிற்சியாளர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ்.

மூணு: சேது எஃப்சி. மதுரை அணி. 2019 மே 22, லூதியானாவுல நடந்த இந்திய மகளிர் லீக் இறுதிப்போட்டியில மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 ஜெயிச்சாங்க.

ஆக ஐஎஸ்எல், ஐ-லீக், மகளிர் லீக், மூணும் நம்ம பக்கம். கேரளாக்காரனும் வங்காளத்தானும் கோவாக்காரனும் கால்பந்து எங்க சொத்துன்னு பேசிக்கிட்டிருந்த நேரத்துல இது சத்தமில்லாம நடந்துச்சு. நம்ம ஊர்ல அன்னிக்கும் டீக்கடைப் பேச்சு ஐபிஎல்தான், அது வேற விஷயம்.

ஆளே இல்லாத இறுதிப்போட்டி

2019-20 சீசனுக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. அதுவரைக்கும் ஐஎஸ்எல் பெரிய லீக்கா, ஐ-லீக் பெரிய லீக்கான்னு வாய்க்கால் தகராறு மாதிரி ஒரு சண்டை ஓடிக்கிட்டிருந்துச்சு. அந்த சீசன்ல இருந்துதான் ஐஎஸ்எல் நாட்டின் முதல் நிலை லீக்னு ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பே ஒத்துக்கிச்சு. லீக் சுற்றுல முதல் இடம் பிடிச்சா ஆசிய சாம்பியன்ஸ் லீக்ல இடம். அந்த வருஷம் எஃப்சி கோவா அதைப் பிடிச்சுது.

சென்னையின் எஃப்சி அந்த சீசனை ஆரம்பிச்ச விதத்தைப் பார்த்தா அழுகையே வரும். பட்டியல்ல அடியில கிடந்தாங்க. கோப்பை வாங்கிக் கொடுத்த ஜான் கிரிகோரி போயிட்டார். டிசம்பர்ல ஓவன் காய்ல் வந்தார். அதுக்கப்புறம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாத ஒரு வேகம்! நாலாவது இடம் பிடிச்சு அரையிறுதிக்குள்ள நுழைஞ்சாங்க. லிதுவேனியாக்காரர் நெரியுஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் அடிச்சு தங்கக் காலணியே வாங்கினார்.

2020 பிப்ரவரி 29. சென்னை பெரியமேடு நேரு ஸ்டேடியம். அரையிறுதியோட முதல் ஆட்டம். சென்னையின் 4, கோவா 1. இந்தத் தேதியை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில வேணும்.

மார்ச் 7-ஆம் தேதி கோவாவுல ரெண்டாவது ஆட்டம். அங்க கோவா 4, சென்னையின் 2. மொத்தக் கணக்குல 6-5. நெஞ்சு வலி வர்ற மாதிரி ஒரு ஜெயிப்பு.

மார்ச் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்றுன்னு அறிவிச்சுது. மறுநாளே, இறுதிப்போட்டி பார்வையாளர் இல்லாம நடக்கும்னு அறிவிப்பு வந்துச்சு. மார்ச் 14, கோவா ஃபட்டோர்டா மைதானம். காலி நாற்காலிகளுக்கு நடுவுல ஏடிகே 3, சென்னையின் 1. ஹாவி ஹெர்னாண்டஸ் ரெண்டு, எடு கார்சியா ஒண்ணு. நமக்கு வால்ஸ்கிஸ் ஒண்ணு.

பந்தை உதைக்கற 'தொப்' சத்தம் டிவியில துல்லியமா கேட்டுச்சு. பயிற்சியாளர் கத்தறது கேட்டுச்சு. கோல் விழுந்தப்ப மட்டும், கேட்க வேண்டிய சத்தம் கேட்கலை. எட்டு நாள் கழிச்சு மக்கள் ஊரடங்கு, மார்ச் 25-ல இருந்து நாடே ஊரடங்கு. இந்தியாவுல அந்த ஆட்டத்துக்கு அப்புறம் பல மாசத்துக்குப் பெரிய விளையாட்டு எதுவும் கிடையாது.

பாதியில வெச்ச முற்றுப்புள்ளி

ஐஎஸ்எல் எப்படியோ முடிஞ்சிருச்சு. ஐ-லீக் மாட்டிக்கிச்சு.

மோகன் பகான் கொஞ்சம் அதிர்ஷ்டசாலி. மார்ச் 10-ஆம் தேதியே கல்யாணி மைதானத்துல ஐஸ்வால் அணியை 1-0 ஜெயிச்சு, நாலு ஆட்டம் பாக்கி இருக்கும்போதே கோப்பையை உறுதி பண்ணிட்டாங்க. அதுக்கு அஞ்சு நாள் கழிச்சு, மார்ச் 15-ஆம் தேதி நடக்க வேண்டிய ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் ஆட்டம் நடக்கவே இல்லை. லீக்ல மொத்தம் 28 ஆட்டம் பாக்கி.

ஏப்ரல்ல அகில இந்திய கால்பந்து சம்மேளனம் முடிவெடுத்துச்சு. மோகன் பகான் சாம்பியன். யாரும் கீழ இறங்க வேண்டாம். சாம்பியன் பரிசு போக மீதிப் பரிசுப் பணத்தை மத்த பத்து அணிக்கும் சமமாப் பிரிச்சுக் கொடுத்துரலாம்.

அப்ப உலகம் பூரா இதே தலைவலிதான். பிரான்ஸ்ல சீசனை நிறுத்தி, ஆட்டத்துக்கு எத்தனை புள்ளின்னு சராசரி போட்டு பாரிஸ் அணியை சாம்பியன்னாங்க. நெதர்லாந்துல சாம்பியனே கிடையாதுன்னு சொல்லி ஃபைலை மூடிட்டாங்க. ஜெர்மனி மே 16-லயே காலி மைதானத்துல மறுபடி ஆரம்பிச்சுது. இங்கிலாந்து ஜூன் 17-ல ஆரம்பிச்சு, லிவர்பூல் முப்பது வருஷக் காத்திருப்பை ஆளில்லாத மைதானத்துல முடிச்சுக்கிச்சு.

இதை வரிசையா வெச்சுப் பாருங்க. மறுபடி ஆரம்பிச்சது யாரு? டிவி ஒப்பந்தப் பணம் மலையா இருந்தவங்க. ஒரு ஆட்டம் நடக்கலைன்னா பணத்தைத் திருப்பிக் கொடுக்கணுமேங்கற பயம் இருந்தவங்க. டிக்கெட் காசையும் ஊர் ஆதரவையும் நம்பின சின்ன லீக் பலதும் கதவைச் சாத்திடுச்சு.

எங்க பொட்டி தட்டற தொழில்ல இதுக்கு ஒரு உதாரணம் உண்டு. சர்வர் எல்லாருக்கும்தான் ஒரு நாள் படுக்கும். ஆனா இன்னொரு ஊர்ல மாற்று சர்வர் வாங்கி வெச்சவன் அரை மணி நேரத்துல எழுந்திருப்பான். வாங்க முடியாதவன் கடையை மூடுவான். படுத்தது ஒரே கரண்ட் கட்டால்தான். எழுந்தது எழாதது காசால.

கோவாவுல ஒரு கூண்டு

ஐஎஸ்எல்லோட மாற்று சர்வர் கோவா. 2020-21 சீசன் மொத்தமும் அங்கதான். ஃபட்டோர்டா, பாம்போலிம், வாஸ்கோ திலக் மைதான்னு மூணே மைதானம். பதினோரு அணி, 115 ஆட்டம். ஒவ்வொரு அணிக்கும் தனித் தங்குமிடம், தனிமைப்படுத்தல், திரும்பத் திரும்ப சோதனை, வெளியாள் யாரும் உள்ள வரக்கூடாது. 'பயோ பபுள்'னு பேர். 2020 நவம்பர் 20-ல ஆரம்பிச்சு 2021 மார்ச் 13-ல முடிஞ்சுது. மும்பை சிட்டி கோப்பையைத் தூக்குச்சு. இவ்ளோ பெரிய ஏற்பாட்டை ஒழுங்கா நடத்தினதை மெச்சத்தான் வேணும்.

நான் அப்ப எங்க ஊர் ஐயங்கார்குளத்துல. காஞ்சிபுரத்துல இருந்து கொஞ்ச தூரம். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாள்லயே லேப்டாப்பைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பகல்ல ஆணி புடுங்கறது, ராத்திரி மொட்டை மாடியில சிக்னல் தேடி ஐஎஸ்எல் பார்க்கறதுன்னு வாழ்க்கை போயிட்டிருந்துச்சு.

நவம்பர் 24, சென்னையின் எஃப்சியோட முதல் ஆட்டம். எதிரணி ஜாம்ஷெட்பூர். கொடுமை என்னன்னா, நம்ம காய்லும் நம்ம வால்ஸ்கிஸும் அதுக்குள்ள அந்தப் பக்கம் போயிட்டாங்க! அனிருத் தாபா முதல் நிமிஷத்துலயே கோல் அடிக்க, வால்ஸ்கிஸ் ஒண்ணு திருப்பி அடிக்க, நாம 2-1 ஜெயிச்சோம்.

நான் போட்ட கூச்சல்ல ஆயா மாடிக்கு வந்துட்டாங்க. போனைப் பார்த்தாங்க.

"ஏன்டா கண்ணு, ஜனமே காணோம். இவ்ளோ சத்தம் எங்கிருந்து வருது?"

"அது டேப்பு ஆயா. கூட்டம் கத்தற மாதிரி போடறாங்க."

கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "நம்ம ஊருக்கு இந்த வருசம் சித்ரா பௌர்ணமி வந்துச்சே, அந்த மாதிரின்னு சொல்லு"ன்னுட்டு இறங்கிப் போயிட்டாங்க.

வெளியூர் மக்களுக்கு இது புரியாது, சொல்றேன். எங்க ஊர்ல நடவாவி கிணறுன்னு ஒண்ணு இருக்கு. படிக்கட்டுல இறங்கிப் போனா, கிணத்துக்குள்ளயே ஒரு மண்டபம். வருஷம் பூரா தண்ணியில கிடக்கற மண்டபம் அது. சித்ரா பௌர்ணமிக்கு தண்ணியை இறைச்சு வெப்பாங்க. காஞ்சிபுரத்துல இருந்து வரதராஜப் பெருமாள் வந்து அதுக்குள்ள இறங்குவார். அன்னிக்கு ஊர்ல கால் வைக்க இடம் இருக்காது. 2020-ல சித்ரா பௌர்ணமி மே 7-ஆம் தேதி, ஊரடங்குக்கு நடுவுல வந்துச்சு. காலண்டர்ல பௌர்ணமி இருந்துச்சு. வானத்துல நிலாவும் இருந்துச்சு. ஊர்ல கூட்டம் இல்லை.

ஆயா சொன்னது சரியான உவமை. அந்த சீசன்லயும் பட்டியல்ல 'சொந்த மைதான ஆட்டம்'னு எழுதியிருப்பாங்க. ஆனா சென்னையோட சொந்த மைதானம் கோவாவுல இருந்துச்சு. பெரியமேட்டுல மேளம் அடிச்சுக்கிட்டிருந்த பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் ஆட்களெல்லாம் வீட்டுல. மைதானத்துல பெரிய திரை வெச்சு ரசிகர்கள் முகத்தைக் காட்டினாங்க. வரதர் படத்தை டிவியில கும்பிட்ட மாதிரிதான்.

சென்னையின் அந்த சீசன்ல 20 ஆட்டம் ஆடி 3 ஜெயிச்சு, 6 தோத்து, 11 டிரா பண்ணாங்க. எட்டாவது இடம். பதினோரு டிரா! பின்னாடி இருந்து தள்ளிவிட ஆள் இருந்திருந்தா அதுல ரெண்டு மூணாவது ஜெயிப்பா மாறியிருக்கும்ங்கறது என் ஆதங்கம். ஹங்கேரிப் பயிற்சியாளர் சபா லாஸ்லோ ரசிகர் இதை ஒத்துக்க மாட்டார், விடுங்க.

ஆனா ஒரு விஷயம் பாருங்க. எட்டாவது இடமோ பத்தாவது இடமோ, ஆடினாங்க. அணி இருந்துச்சு. சம்பளம் இருந்துச்சு. அடுத்த வருஷமும் கோவாவுலயே கூண்டு, அதுலயும் ஆடினாங்க.

சென்னை சிட்டிக்கு என்ன ஆச்சு

இப்ப ரெண்டாவது கோப்பைக்கு வருவோம்.

சென்னை சிட்டி 2019-ல சாம்பியன் ஆனதும் சுவிட்சர்லாந்தோட எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கிச்சு. 2020 ஜனவரியில ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டத்துல பஹ்ரைனோட ரிஃபா கிளப்கிட்ட 0-1 தோத்தாங்க. அந்த 'சொந்த மைதான' ஆட்டம் நடந்தது அகமதாபாத்துல. அப்புறம் ஏஎஃப்சி கோப்பை. மார்ச் 11-ஆம் தேதி மாலத்தீவோட மாசியா கிளப் கூட டிரா. ஆமா, உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்றுன்னு அறிவிச்ச அதே நாள். செப்டம்பர்ல அந்தப் போட்டியையே ரத்து பண்ணிட்டாங்க. ஒரே ஒரு ஆட்டத்தோட அவங்க ஏஎஃப்சி கோப்பைப் பயணம் முடிஞ்சுது.

2021 ஜனவரியில ஐ-லீக் கொல்கத்தாவுலயும் கல்யாணியிலயும் கூண்டுக்குள்ள நடந்துச்சு. கடைசி நாள்ல கோகுலம் கேரளா, ட்ராவு அணியை 4-1 ஜெயிச்சு கோப்பை வாங்கினாங்க. கேரளாவுக்கு முதல் ஐ-லீக். சேட்டன்மாருக்கு வாழ்த்துகள்! சென்னை சிட்டியும் அந்த சீசன்ல ஆடினாங்க. ஆனா அடுத்த சீசனுக்கு கிளப் லைசன்ஸ் விதிகளை நிறைவேத்த முடியலை. 2021-22 ஐ-லீக்ல அவங்க பேர் இல்லை. தமிழ்நாட்டுல இருந்தே ஒரு அணியும் இல்லை.

கோப்பை வாங்கி மூணு வருஷம் கூட ஆகலை மக்களே.

கொரோனாதான் சென்னை சிட்டியைக் கொன்னுச்சுன்னு நான் சொல்ல வரலை. ஐஎஸ்எல் முதல் லீக் ஆன அன்னிக்கே ஐ-லீக்கோட காத்து இறங்க ஆரம்பிச்சாச்சு. விளம்பரதாரர் அந்தப் பக்கம், டிவி அந்தப் பக்கம், நல்லா ஆடற பையனும் அந்தப் பக்கம். ஏற்கெனவே சளி பிடிச்சிருந்த வீட்டுல கொரோனா நுழைஞ்ச மாதிரி. மைதானத்துல கூட்டமும் இல்லை, டிக்கெட்டும் இல்லை, சொந்த ஊர்ல ஒரு ஆட்டமும் இல்லைன்னா ஒரு சின்ன கிளப் எதைக் காட்டி காசு கேட்கும்?

ஆடவே விடாத லீக்

மூணாவது கோப்பைதான் எனக்கு ரொம்ப வலிக்கறது.

2020-21 இந்திய மகளிர் லீக் ரத்து. தள்ளி வெச்சாங்க, மறுபடி தள்ளி வெச்சாங்க, கடைசியில அந்த சீசனே இல்லைன்னு ஆச்சு. ஆண்களுக்கு ஐஎஸ்எல் நடந்துச்சு, ஐ-லீக் நடந்துச்சு. ரெண்டுக்கும் கூண்டு கட்டக் காசு கிடைச்சுது. பெண்களுக்குக் கிடைக்கலை. 2020 பிப்ரவரியில முடிஞ்ச லீக்குக்கு அடுத்த லீக் 2022 ஏப்ரல்ல. ரெண்டு வருஷத்துக்கு மேல!

சேதுவுக்கு ஆடின இந்துமதி கதிரேசன் இந்திய அணி வீராங்கனை. தமிழ்நாடு காவல்துறையில சப்-இன்ஸ்பெக்டரும் கூட. 2020 ஊரடங்குல அவங்க சென்னையில முகக்கவசம் போட்டுக்கிட்டு ரோட்டுல டியூட்டி பார்த்தாங்க. ஆட்டம் இல்லாத காலத்துல அவங்களுக்கு ஒரு அரசு வேலை இருந்துச்சு. வேலை இல்லாத எத்தனையோ பொண்ணுங்களுக்கு? இருபது வயசுல ரெண்டு வருஷ ஆட்டம் போறதும், முப்பது வயசு ஆளுக்கு ஆபீஸ்ல ரெண்டு வருஷம் போறதும் ஒண்ணு இல்லை. அது திரும்பி வராது. வீட்டுல "போதும்மா, விளையாடினது"ன்னு சொல்ல ஒரு காரணம் தேடிக்கிட்டிருந்தவங்களுக்கு, காரணம் கையில கிடைச்சாச்சு.

2022 ஜனவரியில மகளிர் ஆசியக் கோப்பை நம்ம நாட்டுல நடந்துச்சு. இரானோட 0-0. ரெண்டாவது ஆட்டத்துக்கு முன்னாடி அணிக்குள்ளயே தொற்று புகுந்து, இறக்கறதுக்கு 13 பேர் கூட இல்லை. இந்தியா போட்டியில இருந்து விலகினதா அறிவிச்சுட்டாங்க. கூண்டு கட்டினாங்க, ஆனா அதுல ஓட்டை.

ஆனாலும் சேது எழுந்தாங்க. 2022 மே மாசம் புவனேஸ்வர்ல லீக் மறுபடி நடந்தப்ப, கடைசி ஆட்டம் வரைக்கும் கோகுலத்தோட மல்லுக்கட்டி ரெண்டாவது இடம். இந்த மூணு கதையில எனக்குப் பெருமை தர்றது இதுதான்.

கூட்டிக் கழிச்சுப் பார்த்தா

2022 அக்டோபர் 14. சென்னை நேரு ஸ்டேடியம். சென்னையின் - பெங்களூரு, 1-1. பிப்ரவரி 29-ஐ ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே? அன்னிக்கு மூடின கேட்டு அன்னிக்குத்தான் ஐஎஸ்எல்லுக்குத் திறந்துச்சு. 958 நாள்.

இந்த 958 நாள்ல பணக்கார லீக் ஒரு ஆட்டத்தைக் கூட இழக்காம சீசனை முடிச்சுது. நடுத்தர லீக் 28 ஆட்டத்தை இழந்துச்சு, நம்ம சாம்பியன் கிளப்பும் அதுல காணாமப் போச்சு. ஏழை லீக் ஒரு சீசனையே இழந்துச்சு. கிருமிக்கு ஆண் பெண் தெரியாது, முதல் நிலை ரெண்டாம் நிலை தெரியாது. அந்தப் பாகுபாடெல்லாம் நாம ஏற்கெனவே கட்டி வெச்சது. அது வந்து, எந்தச் செவுரு எவ்ளோ உயரம்னு அளந்து காட்டிட்டுப் போயிடுச்சு.

இன்னொண்ணு. கிருமியால நிறுத்த முடியாத ஐஎஸ்எல்லை 2025 ஜூலையில ஒரு காகிதம் நிறுத்தி வெச்சுது. சம்மேளனத்தோட 15 வருஷ ஒப்பந்தம் அந்த டிசம்பர்ல முடியுது, அதனால அடுத்த சீசனை நிறுத்தி வெக்கிறோம்னு நடத்தறவங்க அறிவிச்சாங்க. வழக்கமான நேரத்துல சீசன் ஆரம்பிக்கலை. உயரமான செவுருக்குள்ள இருந்தவங்களுக்கும் அப்பதான் குளிர் தெரிஞ்சிருக்கும்.

அடுத்த தொற்று எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வந்தா பெரியவங்க பார்த்துக்குவாங்க. அதுக்கு முன்னாடி, மகளிர் லீக்குக்கும் சின்ன கிளப்புக்கும் ஒரு மாற்று சர்வர் வாங்கி வெப்போமாங்கறதுதான் கேள்வி. மதுரையில ஒரு பொண்ணு பந்தோட காத்துக்கிட்டிருக்கும்.

கோவை நேரு ஸ்டேடியத்துல 2019 மார்ச் 9 அன்னிக்கு நேர்ல இருந்தவங்க யாராவது இதைப் படிச்சா, பின்னூட்டத்துல ரெண்டு வரி எழுதிட்டுப் போங்க. எனக்கு அந்தக் கூட்டத்தோட சத்தம் எப்படி இருந்துச்சுன்னு கேட்கணும்.

டிஸ்கி: ஆயாவுக்கு இப்பவும் ஆஃப்சைடுன்னா என்னன்னு புரியலை. வால்ஸ்கிஸ்னா "அந்தக் கட்சி மாறின பையனா?"ன்னு கரெக்டா கேட்பாங்க :)